உதவ ஆள் உண்டு. தெரிந்து உதவத்தான் ஆள் இல்லை! முதல் உதவித் தொண்டர் ஆவது எப்படி?

சென்னை நகரில் ஒருவர் ரோட்டில் சுருண்டு விழுந்தால், அடுத்த நிமிடமே 20 பேர் கூடிவிடுவார்கள். ஒருவர் ஓடிப்போய் சோடா வாங்கி வருவார். இன்னொருவர் சாவிக் கொத்தை எடுத்து விழுந்தவரின் கையில் திணிப்பார். "காத்து வரட்டும், தள்ளிப் போங்கப்பா" என்று ஒரு பெரியவர் சத்தம் போடுவார். யாரும் தள்ள மாட்டார்கள்.

இந்த ஊரில் ஈர நெஞ்சத்துக்குப் பஞ்சம் இல்லை. என்ன செய்வது என்று தெரிந்த கைகளுக்குத்தான் பஞ்சம்.

அந்தக் கை உங்கள் கையாகவும் இருக்கலாம். அதற்கு டாக்டர் படிப்பு வேண்டியது இல்லை. மளிகைக் கடைக்காரர், ஆபீஸ் குமாஸ்தா, கண்டக்டர், குடும்பப் பெண் யார் வேண்டுமானாலும் முதல் உதவித் தொண்டர் ஆகலாம். அது பற்றிய விவரம் வருமாறு:-

4 நிமிடம்

இதயம் நின்றுவிட்டால் மூளைக்கு ரத்தம் போகாது. சுமார் 4 நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கிவிடும். 10 நிமிடம் யாரும் ஒன்றும் செய்யாமல் நின்றால், அந்த உயிர் திரும்புவது அரிது.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்சு 2008-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியது. காசு கிடையாது. போன் செய்தால் வரும். ஆனால் அதுவும் இதே ரோட்டில்தானே வரவேண்டும்? மாலை 6 மணிக்கு அண்ணா சாலை நெரிசலில் எந்த வண்டியும் பறந்து வர முடியாது.

வண்டி வந்து சேரும் வரை அந்த உயிர் பக்கத்தில் நிற்பவர் கையில் இருக்கிறது. அந்தச் சில நிமிடத்துக்குத்தான் முதல் உதவி என்று பெயர்.

ஆரம்பித்தவர் ஒரு வியாபாரி

செஞ்சிலுவைச் சங்கம் என்றாலே டாக்டர்கள் சங்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வித்திட்டவர் டாக்டர் அல்ல, ஒரு வியாபாரி!

அவர் பெயர் ஹென்றி டூனான்ட். சுவிட்சர்லாந்துக்காரர். 1859-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி இத்தாலியில் சோல்பெரினோ என்ற இடத்தில் பெரிய சண்டை நடந்தது. தொழில் விஷயமாக அந்தப் பக்கம் போன டூனான்ட், காயம் பட்ட சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்ததைப் பார்த்தார். பக்கத்து ஊர்ப் பெண்களைத் திரட்டி, தண்ணீர் கொடுக்கவும் கட்டுப் போடவும் வைத்தார். இவன் எந்த நாட்டுக்காரன் என்று யாரும் கேட்கவில்லை.

அதில் இருந்து பிறந்ததுதான் செஞ்சிலுவை இயக்கம். 1901-ம் ஆண்டு முதன் முதலாக வழங்கப்பட்ட சமாதான நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் 1920-ம் ஆண்டு ஒரு சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது.

இன்னொரு அமைப்பு செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ். இதன் சின்னம் 8 முனை கொண்ட வெள்ளைச் சிலுவை. ஜெருசலேமுக்குப் போன யாத்திரிகர்களுக்கு ஆஸ்பத்திரி நடத்திய பழைய அமைப்பின் வழி வந்தது. சாதாரண மக்களுக்கு முதல் உதவி சொல்லிக் கொடுக்க இங்கிலாந்தில் 1877-ம் ஆண்டு சங்கமாகத் தொடங்கியது. பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு 1887-ம் ஆண்டு தொண்டர் படை உருவானது.

டவுன் பஸ்சில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறாரே கண்டக்டர், அவரும் ஒரு வகையில் இந்தப் பள்ளிக்கூடத்து மாணவர்தான். கண்டக்டர் லைசென்சு வாங்க முதல் உதவிச் சான்றிதழ் தேவை. ரெயில்வே ஊழியர்கள் மத்தியிலும் செயின்ட் ஜான் ஆம்புலன்சுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு.

எங்கே போவது?

செஞ்சிலுவைச் சங்கத்தின் தமிழ்நாடு கிளை சென்னை எழும்பூரில் மாண்டியத் ரோட்டில் இருக்கிறது. செயின்ட் ஜான் ஆம்புலன்சுக்கும் தமிழ்நாட்டில் மையம் உண்டு. ஆபீஸ் நேரத்தில் நேரில் போய், "அடுத்த வகுப்பு எப்போது?" என்று கேட்டாலே போதும். சிபாரிசு தேவை இல்லை.

வகுப்பு நடக்கும் தேதியும் கட்டணமும் அவ்வப்போது மாறும். நேரில் கேட்டுத் தெரிந்து கொள்வதே நல்லது. பணம் கட்டினால் ரசீது வாங்கிக் கொள்ள வேண்டும். வகுப்பு தமிழில் நடக்கிறதா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். போட்டோவும் அடையாள அட்டை நகலும் கையில் இருந்தால் இரண்டாவது தடவை அலைய வேண்டியது இல்லை.

இதில் ஒரு விஷயத்தைப் புரிந்து கொள்ள வேண்டும். பயிற்சி வேறு, தொண்டு வேறு. பயிற்சி முடித்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு, தன் வீட்டுக்கும் கடைக்கும் அது போதும் என்று நிற்பவர்களும் உண்டு. அதில் தப்பு இல்லை. தொண்டர் ஆக விரும்புகிறவர் அந்தச் சான்றிதழோடு அமைப்பில் உறுப்பினராகப் பெயர் கொடுக்க வேண்டும். "வாரத்தில் எனக்கு எந்த நாள் ஓய்வு, எத்தனை மணி நேரம் வர முடியும்" என்று முதலிலேயே உள்ளபடி சொல்லிவிட வேண்டும். தினமும் வருகிறேன் என்று சொல்லி வராமல் இருப்பவரைவிட, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவரே மேல்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜூனியர் ரெட் கிராஸ் இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கு யூத் ரெட் கிராஸ் இருக்கிறது. பெயர் கொடுத்துவிட்டுக் கலைந்து போகாமல், அங்கேயே முதல் உதவியைக் கற்றுக்கொண்டால் காலத்துக்கும் கை கொடுக்கும்.

பொம்மையின் நெஞ்சில்...

வகுப்பில் பலரும் மறக்காத பாடம் பொம்மைப் பாடம். தரையில் ஆள் உயர பொம்மையோ, இடுப்பு வரை உள்ள பொம்மையோ கிடக்கும். அதன் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார வேண்டும்.

முதலில் தோளைத் தட்டி, "சார், சார்... என்னாச்சு?" என்று உரக்கக் கூப்பிட வேண்டும். அசைவு இல்லையா? நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று 10 வினாடிக்குள் பார்க்க வேண்டும். எப்போதாவது ஒரு தடவை வாயைத் திறந்து 'ஹக்' என்று இழுப்பது மூச்சு அல்ல. அது இதயம் நின்றதன் அடையாளமாக இருக்கலாம். அதைப் பார்த்து, "மூச்சு இருக்குப்பா" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றதால் போன உயிர்கள் உண்டு.

உடனே ஒருவரை விரல் நீட்டிக் காட்டி, "நீங்க 108-க்குப் போன் பண்ணுங்க" என்று சொல்ல வேண்டும். பொதுவாக "யாராவது போன் பண்ணுங்க" என்றால் யாரும் பண்ண மாட்டார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவர் பண்ணுவார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிறகு நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் இன்னொரு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் அமுக்க வேண்டும். நெஞ்சு 2 அங்குலம் கீழே போக வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அமுக்குக்குப் பிறகும் நெஞ்சை முழுசாக எழும்ப விட வேண்டும்.

பயிற்சி பெற்றவர் 30 தடவை அமுக்கி 2 தடவை மூச்சு ஊதுவார். பயிற்சி இல்லாதவரோ, வாயோடு வாய் வைக்கத் தயங்குகிறவரோ நிறுத்தாமல் அமுக்கிக் கொண்டே இருந்தால் போதும்.

கேட்க சுலபமாக இருக்கிறது. செய்து பார்த்தால் 2 நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். அதனால் 2 நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு.

"எலும்பு முறிஞ்சிட்டா?" என்ற சந்தேகம் பலருக்கும் வரும். முறியலாம். முறிந்த எலும்பு கூடும். நின்ற இதயம் தானாக ஓடாது.

முக்கோணத் துணி

அடுத்த பாடம் முக்கோணக் கட்டுத் துணி. சுமார் ஒரு மீட்டர் சதுரத் துணியை மூலைக்கு மூலை வெட்டினால் 2 கட்டுத் துணி கிடைக்கும். கை முறிந்தால் தூளி. தலையில் அடிபட்டால் தொப்பி. மடித்தால் பட்டை. சுருட்டினால் அண்டை கொடுக்கும் வளையம். ஒரே துணி, பல வேலை.

அந்தத் துணி கையில் இல்லாவிட்டால்? தோளில் துண்டு இருக்கிறது. துப்பட்டா இருக்கிறது. முறிந்த காலுக்கு அணை கொடுக்க மடித்த செய்தித்தாளும் குடையும் போதும். பொருள் இல்லை என்று முதல் உதவிக்காரர் சொல்லக் கூடாது.

மறக்க வேண்டியவை

புதிதாக வருகிறவர் கற்றுக்கொள்வதைவிட மறக்க வேண்டியதுதான் அதிகம்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுப்பது ஊர் வழக்கம். பெரும்பாலான வலிப்பு சில நிமிடத்தில் தானாகவே நிற்கும். கையில் சாவி இருந்ததால் நின்றது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்! கையை, காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் ஸ்பூன் திணிக்கக் கூடாது. தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் 108.

தீக்காயத்துக்குப் பேனா மை, பற்பசை, மாவு தடவுவதும் அப்படித்தான். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் ஆஸ்பத்திரியில் பெரும்பாடு. காயத்தை 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுவதே முதல் வைத்தியம். ஐஸ் வைக்கக் கூடாது.

பாம்பு கடித்தால் கயிறு கட்டக் கூடாது. கீறக் கூடாது. வாயால் உறிஞ்சுவது சினிமாவில் சரி. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட காலை அசைக்காமல், விஷ முறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

மயங்கியவர் வாயில் சோடா ஊற்றக் கூடாது. நினைவு இல்லாதவரால் விழுங்க முடியாது; அது மூச்சுக் குழாய்க்குள் போய்விடும்.

விபத்தில் சிக்கியவரைக் கையைப் பிடித்து, காலைப் பிடித்து ஆட்டோவில் திணிப்பதுதான் பெரிய ஆபத்து. கழுத்து எலும்போ முதுகெலும்போ உடைந்திருந்தால், அந்த இழுப்பிலேயே கை கால் விளங்காமல் போகலாம். தீ, வெள்ளம் போன்ற ஆபத்து இருந்தால் ஒழிய, ஆளை நகர்த்தாமல் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்த வேண்டும். துணி நனைந்தால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு துணி வைத்து அழுத்த வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி. முதலில் தன் உயிர்! மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஒருவர் கிடந்தால், குதித்து ஓடக் கூடாது. அதில் கரண்டு பாய்ந்திருக்கலாம். மெயினை நிறுத்திய பிறகுதான் தொட வேண்டும். காப்பாற்றப் போனவரும் விழுந்தால், ஒன்றுக்கு இரண்டு.

போலீசுக்குப் பயமா?

"நமக்கு எதுக்குப்பா வம்பு? போலீசு, கோர்ட்டுன்னு யாரு அலையறது?" இந்தப் பேச்சு இன்னும் டீக்கடையில் கேட்கிறது. சட்டம் மாறி பல வருஷம் ஆகிறது.

விபத்தில் சிக்கியவருக்கு உதவுகிறவரை அலைக்கழிக்கக் கூடாது என்ற விதிமுறைகளுக்கு 2016-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சட்டத்துக்குச் சமமான பலம் கொடுத்தது. 2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவே இதற்காகச் சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. பெயர், விலாசம் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது.

"ஆஸ்பத்திரியில சேர்த்தா பணம் நம்மகிட்ட கேப்பாங்களே!" என்ற பயமும் வேண்டாம். சேர்த்தவரிடம் பணம் கேட்கக் கூடாது என்பதும் அந்த விதிமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ரோடு விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி தொடங்கப்பட்டது.

முதல் டியூட்டி

சான்றிதழ் வாங்கியதும் மறுநாளே உயிரைக் காப்பாற்றி, மாலை மரியாதை வாங்கலாம் என்று நினைத்து வருகிறவர் ஏமாந்து போவார்.

திருவிழா, பொருட்காட்சி, ஓட்டப் பந்தயம் போன்ற கூட்டங்களில்தான் பெரும்பாலும் முதல் டியூட்டி கிடைக்கும். மூத்த தொண்டரோடு ஜோடி சேர்த்து விடுவார்கள். பெட்டி தூக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் பிடிக்க வேண்டும். செருப்பு கடித்த காலுக்குப் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். தொலைந்த குழந்தையின் கண்ணீரைத் துடைக்க வேண்டும். மணிக்கணக்கில் வெயிலில் நிற்க வேண்டும். பாதி நாள் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காமல் இருந்தால் அதுதான் நல்ல நாள்.

ஆனால் கண் மட்டும் கூட்டத்திலேயே இருக்க வேண்டும். 2024-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி மெரினா கடற்கரையில் விமான சாகசம் பார்க்க லட்சக்கணக்கான பேர் திரண்டார்கள். கொளுத்தும் வெயில். நூற்றுக்கணக்கானோர் மயங்கினார்கள். 5 பேர் பரிதாபமாக இறந்தார்கள். கூட்டம், வெயில், தாகம் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை அன்று பார்த்தது.

வெயிலில் நிற்பவருக்குப் பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது வெறும் களைப்பு அல்ல. உடனே நிழலுக்குக் கொண்டு போய், உடம்பு பூராவும் தண்ணீர் ஊற்றி, விசிறி, 108-க்குச் சொல்ல வேண்டும். விழுந்த பிறகு ஓடுவதைவிட, விழப் போகிறவரை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் தொண்டர் வேலை.

செய்யக் கூடாதது

தொண்டர் சட்டையைப் போட்டதும் டாக்டர் ஆகிவிட முடியாது. ஊசி போடக் கூடாது. மருந்து எழுதிக் கொடுக்கக் கூடாது. நினைவோடு இருப்பவரிடம், "நான் முதல் உதவி படித்தவன், பார்க்கலாமா?" என்று கேட்ட பிறகுதான் தொட வேண்டும். மயங்கியவர் பையைத் திறப்பதாக இருந்தால் நாலு பேர் முன்னால் திறக்க வேண்டும். செல்போனில் படம் பிடிக்கவே கூடாது.

ஆம்புலன்சு வந்ததும் எத்தனை மணிக்கு விழுந்தார், என்ன பார்த்தோம், என்ன செய்தோம் என்பதை நாலு வரியில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அந்த நாலு வரி டாக்டருக்குத் தங்கம்.

இன்னொன்றும் உண்டு. எல்லாம் சரியாகச் செய்தும் ஆள் பிழைக்காமல் போகலாம். அது தொண்டரின் குற்றம் அல்ல. வீட்டுக்குப் போய் சோறு இறங்காது. அன்று கூட இருந்த மூத்த தொண்டரிடம் மனம் விட்டுப் பேச வேண்டும். பேசாமல் புழுங்குகிறவர் அடுத்த டியூட்டிக்கு வர மாட்டார்.

துரு ஏறும் கை

படித்ததைச் செய்யாமல் இருந்தால் கை மறந்துவிடும். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் மட்டும் போதாது. காலாவதி ஆகும் முன் திரும்பவும் வகுப்புக்குப் போய்ப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு முறையாவது தலையணையை வைத்து அமுக்கிப் பார்த்தாலே எண்ணிக்கையும் வேகமும் கையில் நிற்கும்.

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, 150 தொழிலாளிக்கு ஒரு முதல் உதவிப் பெட்டி வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று சொன்னது. பெட்டி மட்டும் இருந்து ஆள் இல்லாவிட்டால் அது வெறும் டப்பாதான். பல கடைகளில் அந்த டப்பாவும் கிடையாது! சுத்தமான துணி, பஞ்சு, பாண்டேஜ், கத்தரிக்கோல், கையுறை, பிளாஸ்திரி இவை போதும். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து மாட்டினால் எல்லோர் கண்ணிலும் படும்.

"எனக்கு எங்க நேரம்?" என்று கேட்பவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றுபோகும் சம்பவங்களில் பெரும்பாலானவை ரோட்டில் நடப்பது இல்லை. வீட்டில்தான் நடக்கின்றன. அங்கே 20 பேர் கூட்டம் இருக்காது. மனைவி, பிள்ளை, வயசான அப்பா, அம்மா மட்டுமே இருப்பார்கள்.

எழும்பூரில் கற்றுக்கொண்டது முதன் முதலில் உதவப் போவது யாரோ ஒரு வழிப்போக்கருக்கு அல்ல. சொந்த வீட்டில் இருப்பவருக்காகவும் இருக்கலாம்.